பூத் போய் வாக்கு மையம் வந்தது: கலிஃபோர்னியாவின் தேர்தல் சேவை பற்றி ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவில் புதிதாகக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் தேர்தல் நெருங்கும்போது முதலில் கேட்பது, "எனக்கு எந்த பூத்?" என்பதுதான். சாண்டா கிளாரா கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) வசிப்பவர்களுக்கு 2020 மார்ச் மாதத்திலிருந்து அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. இந்தத் தெருக்காரர்களுக்கு இந்தப் பள்ளிக்கூடம் என்று ஒதுக்கப்பட்டிருந்த வாக்குச்சாவடிகள் அப்போதே எடுக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் பதிலாக, பதிவு பெற்ற ஒவ்வொரு வாக்காளரின் வீட்டுக்கும் தபாலில் வாக்குச்சீட்டு வந்துவிடுகிறது. நேரில் போய் வாக்களிக்க விரும்புபவர் கவுண்டிக்குள் இருக்கும் எந்த வாக்கு மையத்துக்கும் போகலாம். இந்த ஏற்பாடு வந்த நாள் முதல் இதைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், ஒரு சேவையாக இது எங்கே தேறுகிறது, எங்கே சறுக்குகிறது என்று எழுதுகிறேன்.

இதற்கு அடிப்படையான சட்டம் எஸ்.பி. 450 (மாநில செனட் மசோதா எண் 450). அதில் 2016 செப்டம்பரில் அன்றைய ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்டார். வாக்குச்சாவடிகளை வைத்துக்கொள்வதா, மைய முறைக்கு மாறுவதா என்பதை ஒவ்வொரு கவுண்டியும் தானே முடிவு செய்துகொள்ள அது வழிவிட்டது. 2018-இல் சாக்ரமென்டோ, சான் மாட்டேயோ, நாப்பா, நெவாடா, மடேரா ஆகிய ஐந்து கவுண்டிகள் முதலில் மாறின. 2020-இல் லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்ச், ஃபிரெஸ்னோ, சாண்டா கிளாரா உள்ளிட்டவை சேர்ந்துகொண்டன. அதற்குள் கொரோனா வந்துவிட, எல்லா வாக்காளர்களுக்கும் தபால் சீட்டு அனுப்புவது மாநிலம் முழுவதும் தற்காலிக ஏற்பாடாகி, 2021-இல் ஏ.பி. 37 என்ற சட்டத்தின் மூலம் நிரந்தரமாகிவிட்டது. ஆகவே பழைய வாக்குச்சாவடிகளை விடாமல் வைத்திருக்கும் கவுண்டிகளிலும் இன்று தபால் சீட்டு வீடு தேடி வருகிறது. மக்கள் இதற்கு முன்பே பழகியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்: கலிஃபோர்னியாவில் காரணம் ஏதும் சொல்லாமல் தபாலில் வாக்களிக்கும் உரிமை 1978 முதலே உண்டு, 2012 நவம்பர் தேர்தலிலேயே பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் தபாலில் வந்தவை.

சட்டம் கவுண்டிகளிடம் கேட்கும் கணக்கு இதுதான். பதிவு பெற்ற வாக்காளர்கள் 50,000 பேருக்கு ஒன்று என்ற விகிதத்தில் மையங்களைத் தேர்தல் நாளுக்குப் பத்து நாள் முன்பே திறந்துவிட வேண்டும். கடைசி நான்கு நாள்களுக்கு, அதாவது சனிக்கிழமை முதல் தேர்தல் நாளான செவ்வாய் வரை, அது 10,000 பேருக்கு ஒன்று என்று உயர வேண்டும். 15,000 பேருக்கு ஒரு வாக்குச்சீட்டுப் பெட்டி வைக்க வேண்டும். ஏறத்தாழ பத்து லட்சம் வாக்காளர்கள் உள்ள சாண்டா கிளாராவுக்கு இது நூறு மையங்கள் என்று வருகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பழைய வாக்குச்சாவடிகளோடு ஒப்பிடும்போது இது பெரிய வெட்டு. ஆனால் முன்பு ஒருவருக்கு ஒரே இடம், ஒரே நாள். இப்போது கடைசி நான்கு நாள் நூறு இடம், மொத்தம் பதினொரு நாள், அதில் இரண்டு முழு வாரக்கடைசிகளும் அடக்கம். சான் ஹோசேயில் வேலை பார்த்துக்கொண்டு கில்ராயில் குடியிருப்பவர் மதிய இடைவேளையில் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வாக்களித்துவிட்டுத் திரும்பலாம்.

முதலில் தபால் சீட்டைப் பார்ப்போம், ஏனெனில் பெரும்பாலோர் தொடுவது அதைத்தான். 2020 நவம்பரில் மாநிலத்தில் பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 86-க்கும் மேல் தபால் சீட்டுகள். தேர்தல் நாளுக்கு 29 நாள் முன்பு அனுப்பத் தொடங்குகிறார்கள். உறைக்குள் வாக்குச்சீட்டு, குறிப்புத்தாள், ஸ்டாம்ப் ஒட்டத் தேவையில்லாத திருப்பி அனுப்பும் உறை ஆகியவை இருக்கும். தபால் கட்டணத்தை அரசே ஏற்பது 2019-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சேவையின் மிகப் பெரிய நன்மை அவகாசம்தான் என்பது என் கருத்து. அமெரிக்க வாக்குச்சீட்டு ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வரும் விஷயம் அல்ல. 2024 நவம்பரில் அதிபர் முதல் பள்ளி வாரியம் வரையிலான பதவிகளுக்கு மேல், மாநில அளவில் மட்டும் பத்து முன்மொழிவுகள் மக்கள் முடிவுக்கு விடப்பட்டிருந்தன. கடன் பத்திரம், வாடகைக் கட்டுப்பாடு, குறைந்தபட்சக் கூலி, திருட்டுக் குற்றங்களுக்கான தண்டனை என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டப் பிரச்சினை. வாக்குச்சாவடித் தடுப்புக்குள் நின்றபடி, பின்னால் வரிசை காத்திருக்க, இவற்றையெல்லாம் படித்து முடிவெடுப்பது நடக்காத காரியம். சாப்பாட்டு மேசையில் மாநில வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளில் ஒவ்வொரு வட்டமாக நிரப்புவதில் உள்ள நிதானம் வேறு.

நிரப்பிய சீட்டைத் திருப்பித் தரும் வழிகளும் குறை சொல்ல முடியாதவை. தபாலில் போடலாம், நூலகம், நகர மன்றம் போன்ற இடங்களின் வெளியே நிறுத்தப்பட்டிருக்கும் இரும்புப் பெட்டியில் சேர்க்கலாம், மையத்தில் நேரில் கொடுக்கலாம், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்தனுப்பவும் சட்டம் அனுமதிக்கிறது, அவர் உறையில் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட வேண்டும், அவ்வளவுதான். பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுக்கும்போது இரண்டு பேர் சேர்ந்தே எடுக்க வேண்டும், எந்தப் பெட்டியிலிருந்து எப்போது எடுக்கப்பட்டது என்று பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் உள்ளன. மாநிலத்தின் கண்காணிப்புச் சேவையில் பதிவு செய்துகொண்டால், சீட்டு அனுப்பப்பட்டது, வந்து சேர்ந்தது, எண்ணப்பட்டது என்று ஒவ்வொரு கட்டத்திலும் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வருகிறது. பழைய முறையில் இது கிடையாது. சீட்டைப் பெட்டிக்குள் போட்டதோடு நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடும்.

உறையில் உள்ள துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் 2025 நவம்பர் சிறப்புத் தேர்தலின்போது சாக்ரமென்டோ கவுண்டி உறைகளின் படங்கள் சமூக ஊடகங்களில் சுற்றி, "துளை வழியாக எப்படி வாக்களித்தோம் என்று பார்த்துவிடுகிறார்கள்" என்ற வதந்தி நம் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்து சேர்ந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் எங்கே கையொப்பமிட வேண்டும் என்பதைத் தடவித் தெரிந்துகொள்வதற்காக வைக்கப்பட்டவை அவை. உள்ளே சீட்டு எதுவும் தங்கிவிடவில்லை என்று ஊழியர்கள் சரிபார்க்கவும் உதவுகின்றன. சீட்டை வேறு பக்கமாக மடித்துப் போட்டால் துளைக்குப் பின்னால் எதுவும் தெரியாது.

இனி இந்தச் சேவையின் பலவீனமான இடத்துக்கு வருகிறேன். அது கையொப்பம். வாக்குச்சாவடியில் நம்மை அடையாளம் காண்பது எதிரே உட்கார்ந்திருக்கும் ஊழியர். சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்டு அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். தபால் முறையில் அந்த வேலையை உறையின் மேல் நாம் இடும் ஒரு கீற்று செய்ய வேண்டியிருக்கிறது. அது பதிவேட்டில் உள்ள பழைய கையொப்பத்தோடு ஒப்பிடப்படுகிறது. அந்தப் பழைய கையொப்பமோ பலருக்கு ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது டி.எம்.வி. (மோட்டார் வாகனத் துறை) அலுவலகத்தின் மின்னணுப் பலகையில் பிளாஸ்டிக் குச்சியால் அவசரமாகக் கிறுக்கியது. அவசரக் கிறுக்கலும் நிதானமாக இட்ட கையொப்பமும் ஒன்றுபோல் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே சிரமம். இளைஞர்கள், முதன்முறை வாக்காளர்கள் ஆகியோரின் உறைகள் மற்றவர்களுடையதைவிட அதிகமாக நிராகரிக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கையொப்பம் இன்னும் படியாத வயது அது.

நம்மவர்களிடம் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் வேறொரு கவுண்டியில் மகளோடு வசிக்கும் என் பெரியம்மா எழுபது வயதைத் தாண்டிக் குடியுரிமை பெற்றவர். வாக்காளர் பதிவுப் படிவத்தில் வழக்கம்போல் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். தேர்தல் உறையை நீட்டியபோது மகள், "அம்மா, இது கவர்மென்ட் பேப்பர், இங்கிலீஷ்லயே போடுங்க" என்று சொல்ல, பெரியம்மா ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். சில நாள்களில் கையொப்பம் பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது. பதறத் தேவையில்லை, கூடவே வந்த படிவத்தில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பியதும் வாக்கு எண்ணப்பட்டுவிட்டது. எந்த மொழியில் கையொப்பமிட்டாலும் செல்லும். பதிவில் உள்ளதைப் போலவே இட வேண்டும் என்பதுதான் விஷயம். பெற்றோருக்கு உதவும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பலவீனத்தைச் சட்டம் உணர்ந்தே இருக்கிறது என்பதால் பாதி மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கலாம். பொருந்தாத கையொப்பம் பற்றி வாக்காளருக்கு அறிவிக்காமல் சீட்டை ஒதுக்கக் கூடாது என்பது 2018-இல் சட்டமானது. 2021-இல் இன்னும் இறுக்கினார்கள்: உறையில் இருப்பது வாக்காளரின் கையொப்பமே என்ற அனுமானத்தோடுதான் ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்; அது அவருடையது அல்ல என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று மேலும் இரு அலுவலர்கள் ஒத்துச் சொன்னால்தான் நிராகரிக்கலாம். தேர்தல் முடிந்த பிறகும் திருத்திக்கொள்ளப் பல நாள் அவகாசம் உண்டு. ஆனால் அந்தக் கடிதம் வரும்போது முகவரி மாறியிருந்தால், ஊருக்குப் போயிருந்தால், அல்லது குப்பைத் தபாலோடு சேர்த்து எறிந்துவிட்டால் அந்த அவகாசத்தால் பயனில்லை. நேரில் வாக்களிப்பவருக்கு இந்தக் கவலையே கிடையாது.

ஒன்றிரண்டு உறைகளால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் 2024 மார்ச் பிரைமரியை, அதாவது நவம்பர் தேர்தலுக்குப் போகும் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலை, நினைத்துப் பார்க்கலாம். சாண்டா கிளாரா, சான் மாட்டேயோ கவுண்டிகளில் பரவியிருக்கும் 16-ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் சாம் லிக்கார்டோ முதலிடம் பெற்றார். இரண்டாம் இடத்தில் ஈவன் லோவும் ஜோ சிமிட்டியனும் ஆளுக்கு 30,249 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றார்கள். மறு எண்ணிக்கைக்குப் பிறகு லோ ஐந்தே வாக்குகளில் முந்தினார். சில வாரங்களுக்கு முன்பு யாரோ திருத்தப் படிவத்தைச் சோம்பல் படாமல் அனுப்பியதும் அனுப்பாததும் அந்த ஐந்துக்குள் அடங்கியிருக்கக்கூடும்.

வாக்கு மையத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்து நூலகக் கூடத்தில் அமையும் மையம் வெளியே பார்க்க எந்த ஆடம்பரமும் இல்லாதது: அம்புக்குறி அட்டைகள், நாலைந்து மேசைகள், டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள், ஓரத்தில் ஓர் அச்சு இயந்திரம். அந்த டேப்லெட்டும் அச்சு இயந்திரமும்தான் இந்த முறையின் உயிர். ஒரே கவுண்டிக்குள் நகரம், பள்ளி மாவட்டம், தண்ணீர் வாரியம், மேற்பார்வையாளர் தொகுதி என்று எல்லைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் வாக்குச்சீட்டு ஊருக்கு ஊர், சில இடங்களில் தெருவுக்குத் தெரு மாறும். முன்பு ஒவ்வொருவருக்கும் ஒரு சாவடியை ஒதுக்கியதற்கு அடிப்படைக் காரணமே, உரிய சீட்டை உரிய இடத்தில் முன்கூட்டியே அச்சடித்து வைக்க வேண்டியிருந்ததுதான். இப்போது ஊழியர் பெயரைத் தேடியதும், நம் தபால் சீட்டு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதா என்று திரையில் தெரிகிறது. வரவில்லையென்றால் அதை ரத்து செய்துவிட்டு நம் முகவரிக்கு உரிய சீட்டை அந்த இடத்திலேயே அச்சடித்துத் தருகிறார்கள். இரண்டு முறை வாக்களிக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு விடை இந்தத் தேடலில் இருக்கிறது.

மையத்தின் பயன் தபாலைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. பதிவு செய்யாமலே இருந்துவிட்டவர்கள் தேர்தல் நாளன்றே பதிவு செய்து வாக்களிக்கலாம். பார்வையற்றவர்களும் கை அசைவு குறைந்தவர்களும் பிறர் உதவியின்றி வாக்களிக்கும் கருவிகள் ஒவ்வொரு மையத்திலும் உண்டு. காரை விட்டு இறங்க முடியாதவர்களுக்கு வாசலுக்கே வந்து வாக்கு வாங்குகிறார்கள். ஆங்கிலம் தெரியாத முதியவர் தமக்கு உதவ இருவர் வரை கூட அழைத்துப் போகலாம். வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. இரவு எட்டு மணிக்குக் கதவு மூடும்போது வரிசையில் நிற்பவர் அனைவரும் வாக்களிக்கும் வரை மூடுவதில்லை. ஊழியர்களும் பழைய ஒருநாள் தன்னார்வலர்களைவிடத் தேர்ச்சி பெற்றவர்கள், பல நாள் தொடர்ந்து அதே வேலையைச் செய்வதால்.

இவ்வளவு நன்றாக இருக்கும் மையம் கெட்டுப்போவதும் உண்டு. அது எப்போது கெடுகிறது என்பதைக் கவனிப்பது முக்கியம். இந்த முறையின் பிறப்பிடம் கொலராடோவின் லாரிமர் கவுண்டி. அங்கே 2003-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சாவடிகளை மூடிவிட்டு இருபது சொச்சம் மையங்களைத் திறந்தார்கள், நன்றாக நடந்தது. அதைப் பார்த்து டென்வர் நகரம் 2006 நவம்பரில் 55 மையங்களுக்கு மாறியது. வாக்காளர் பட்டியலைத் தேடும் மென்பொருள் அன்றைக்கு முடங்கிப்போக, மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பலர் வாக்களிக்காமலே திரும்பினார்கள். சாவடி ஒன்றில் கோளாறு வந்தால் பாதிப்பு ஒரு தெருவோடு நிற்கும். மையங்கள் எல்லாவற்றையும் இணைக்கும் பட்டியலில் கோளாறு வந்தால் ஊரே நிற்கும். அரிசோனாவின் மாரிகோப்பா கவுண்டியில் 2016 மார்ச் அதிபர் பிரைமரிக்கு வெறும் 60 இடங்கள் திறக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே வகைத் தேர்தலுக்கு 200 இருந்தது. பெரும்பாலோர் தபாலில் வாக்களித்துவிடுவார்கள் என்ற கணக்கு அது. ஆனால் தபால் சீட்டு எல்லோருக்கும் போகவில்லை, கேட்டவர்களுக்குத்தான் போனது. நள்ளிரவு தாண்டியும் பீனிக்ஸ் நகரில் வரிசை நின்றது.

எனக்கு மிகவும் தெளிவு தந்தது லாஸ் ஏஞ்சலஸின் 2020-ஆம் ஆண்டு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகளை விட்டு 978 மையங்களோடு அந்தக் கவுண்டி மார்ச் பிரைமரியைச் சந்தித்தது. புதிய வாக்குக் கருவிகள், புதிய பட்டியல் மென்பொருள். எல்லோருக்கும் தபால் சீட்டு அனுப்பும் கட்டாயத்திலிருந்து அதற்கு மட்டும் சட்டத்தில் விலக்கு இருந்தது. கடைசி நாளன்று டேப்லெட்டுகள் திணற, பல மையங்களில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். எட்டே மாதம் கழித்து நவம்பரில், பன்மடங்கு பரபரப்பான அதிபர் தேர்தலில், மையங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 800-ஆகக் குறைந்திருந்தும் பெரும்பாலான இடங்களில் சிரமமே இல்லை. வேறுபாடு என்னவென்றால், அந்த முறை ஒவ்வொரு வாக்காளருக்கும் தபால் சீட்டு போயிருந்தது. தபால் சீட்டும் மையமும் தனித்தனிச் சேவைகள் அல்ல. முதலாவது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவதைக் குறைக்கலாம். செலவு மிச்சம் என்று சொல்லிச் சாவடிகளை மட்டும் மூடிவிட்டு, தபால் சீட்டை "கேட்டால் தருகிறோம்" என்று வைப்பது சேவைக் குறைப்பு. அதற்கு எத்தனை நவீனப் பெயர் வைத்தாலும் நான் ஏற்பதாக இல்லை.

தூரம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்கு ஆய்வில் பதில் இருக்கிறது. 2003-இல் கலிஃபோர்னியா ஆளுநரைத் திரும்பப் பெறும் தேர்தலுக்காக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி அவசர அவசரமாகத் தன் சாவடிகளை ஐயாயிரத்துக்கு மேலிருந்து சுமார் 1,900-ஆகச் சுருக்கியது. சிலருக்குச் சாவடி மாறியது, சிலருக்கு மாறவில்லை. ஹென்றி பிரேடி, ஜான் மெக்நல்டி என்ற இரு அரசியல் அறிஞர்கள் இந்த இரு தரப்பினரையும் ஒப்பிட்டபோது, சாவடி மாறியவர்களிடையே நேரில் வாக்களிப்பது சுமார் மூன்று சதவீதப் புள்ளி குறைந்ததாகவும், அதில் ஒரு பகுதியைத் தபால் வாக்கு ஈடுகட்டியதால் நிகர இழப்பு ஏறத்தாழ இரண்டு புள்ளிகளுக்குச் சற்றுக் குறைவாக இருந்ததாகவும் கண்டார்கள். கூடுதலாக நடந்த தூரம் மட்டும் காரணம் அல்ல. வழக்கமான இடம் மாறியதே பலரைத் தயங்க வைத்தது. மறுபுறம், கலிஃபோர்னியா, யூட்டா, வாஷிங்டன் மாநிலங்களில் கவுண்டி கவுண்டியாகத் தபால் முறை வந்ததை ஆராய்ந்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு, எல்லோருக்கும் தபால் சீட்டு அனுப்பினால் வாக்குப்பதிவு சுமார் இரண்டு புள்ளி கூடுகிறது, எந்தக் கட்சிக்கும் சாய்வு இல்லை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மேலே நான் சொன்ன முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

தபால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. யூட்டாவின் சான் ஹுவான் கவுண்டி 2014-இல் தபால் முறைக்கு மாறி, நேரில் வாக்களிக்க மான்டிசெல்லோ ஊரிலுள்ள அலுவலகத்தை மட்டும் விட்டுவைத்தது. அந்தக் கவுண்டியின் தென்பகுதி நவஹோ மக்களின் ஒதுக்கீட்டு நிலம். அங்கே பல வீடுகளுக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் கிடையாது. தபாலைத் தொலைவில் உள்ள அஞ்சல் பெட்டிக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். முதியோர் பலருக்கு நவஹோ மொழி பேசத்தான் தெரியும், ஆங்கிலச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? 2016-இல் வழக்குத் தொடுத்தார்கள்; 2018-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஒதுக்கீட்டு நிலத்தில் நேரடி வாக்களிப்பும் நவஹோ மொழி உதவியும் திரும்பி வந்தன. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் யாரும் நடக்கக் கூடாது என்ற விதியோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக பூத் அமைக்கும் இந்தியத் தேர்தல் ஆணையத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அவர்கள் கோபம் விளங்கச் சிரமம் இருக்காது.

வெளிப்படையாகப் பேசப்படாத இன்னொரு குறை ரகசியம். சாவடியின் அட்டைத் தடுப்புக்குள் மனைவியின் தோளுக்கு மேல் கணவன் எட்டிப் பார்க்க முடியாது. சாப்பாட்டு மேசையில் முடியும். "எல்லாருக்கும் சேர்த்து நானே நிரப்பிடறேன், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று உற்சாகமாகச் சொல்லும் குடும்பத் தலைவர்களை நம் வட்டத்தில் நானே பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உதவி என்றே நினைக்கிறார்கள். உறையில் கையொப்பம் சரியாக இருக்கும், எண்ணிக்கையில் குறை இருக்காது, எந்தப் புள்ளிவிவரத்திலும் இது தெரியவும் தெரியாது. இதற்குச் சட்டத்தால் செய்யக்கூடியது குறைவு. வீட்டில் அப்படிச் சூழல் உள்ளவர்களுக்கு மையம் ஒரு புகலிடம்: தபால் சீட்டைத் திருப்பி அனுப்பாமல், தனியாகப் போய்ப் புதுச் சீட்டு வாங்கி நிரப்பிவிட்டு வரலாம். மையங்களை மேலும் குறைக்கலாமே என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் மறுப்பு இதுதான்.

தாமதத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்து ஏழு நாளுக்குள் வந்து சேரும் உறைகளும் செல்லும் என்பதாலும், ஒவ்வொரு உறையின் கையொப்பத்தையும் பார்த்த பின்பே பிரிக்க வேண்டும் என்பதாலும், கலிஃபோர்னியாவில் முடிவு தெரிய வாரக்கணக்கில் ஆகிறது. 2024-இல் மத்தியப் பள்ளத்தாக்கின் 13-ஆவது தொகுதியில் ஆடம் கிரே வெறும் 187 வாக்கு வித்தியாசத்தில் வென்றது டிசம்பர் முதல் வாரத்தில்தான் தெளிவானது. எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. ஆனால் கூடுதல் பணமும் ஆளும் கொடுத்தால் குறைக்கக்கூடிய தாமதத்தை இயல்பானது என்று அரசு சொல்லிக்கொண்டே இருப்பதால், வதந்திக்கு இடம் கிடைக்கிறது.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். நிலையான முகவரியும் படிந்த கையொப்பமும் தபாலைப் பிரித்துப் படிக்கும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இது ஐந்துக்கு ஐந்து. அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர்கள், முதன்முறை வாக்காளர்கள், கார் இல்லாதவர்கள் ஆகியோருக்கு மூன்றைத் தாண்டாது. அவர்களுக்குத்தான் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தின் அருமை தெரியும்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சீட்டு கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் நிரப்பி முடித்துவிடுங்கள். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும் வரை தபாலில் போடலாம். அதற்குப் பிறகு தபாலை நம்ப வேண்டாம், ஏனெனில் முத்திரை இப்போதெல்லாம் தொலைவிலுள்ள பிரிப்பு மையத்தில் விழுவதால் நீங்கள் போட்ட தேதி ஒன்றாகவும் முத்திரைத் தேதி வேறாகவும் இருக்கக்கூடும். கடைசி வாரத்தில் இரும்புப் பெட்டிதான் சரி. தேர்தல் நாள் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். முகவரி, பெயர், கையொப்பம் ஆகிய மூன்றில் எதில் மாற்றம் இருந்தாலும் மையத்துக்கே போய்விடுங்கள், அதுவும் செவ்வாய்க்கிழமை மாலை அல்ல, முந்தைய சனி அல்லது ஞாயிறு காலையில். அப்போது கூடத்தில் உங்களைத் தவிர இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.